துவாதசி லீவு

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. 1974 முதல் வருஷத்துக்கு ஒன்றாக என் அலமாரியில் இருக்கும் டைரிகளிலும் அவர் பெயர் கிடையாது. அவரைப் பற்றிய குறிப்பு வரும் இடங்களில் "மா." என்று மட்டும் இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அவரை மாமி என்று கூப்பிட்டோம். அதன் முதல் எழுத்து அது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவரேதான்.

திருச்சி கண்டோன்மென்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் அரசு அலுவலகம் இருந்தது. நான் வருகைப் பதிவேடும் விடுப்பு விண்ணப்பங்களும் பார்த்தேன். மாமி தபால் பிரிவு. மேஜைகள் அடுத்தடுத்து. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் சுவர்க் கடிகாரமும் மாமியின் இழுப்பறையும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அதனால்தான் எனக்கு அந்த நேரங்கள் தெரியவந்தன. காலை பத்தே முக்கால். ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. மூன்று. நாலரை. இழுப்பறை ஒரு சாண் திறக்கும். உள்ளே ஒரு ஜாமெட்ரி பெட்டி. மூடியில் மஞ்சள் பெயின்ட் பாதி உரிந்து தகரம் தெரியும். தங்கை பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது என்று ஒருமுறை சொன்னார். காம்பஸும் டிவைடரும் இருக்க வேண்டிய இடத்தில் உடைத்த வெல்லமும் பொட்டுக்கடலையும் இருக்கும். இரண்டு விரலால் எடுப்பார். வாய் அசைவது வெளியே தெரியாது. பதினொரு வருஷத்தில் அவர் வயிறு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்.

எங்கள் ஹெட் கிளார்க்குக்கு அந்த இழுப்பறை மேல் ஒரு கண்.

"மாமி, ஃபைலை எலி கடிக்குதுன்னு புகார் வந்திருக்கு. இந்த எலிக்கு வெல்லம் வாங்கிப் போடறது யாருன்னுதான் தெரியலை."

மாமி உடனே பதில் சொல்லமாட்டார். ஹெட் கிளார்க் தன் இடத்துக்குப் போய், கண்ணாடியைத் துடைத்து, உட்கார்ந்தும் விடுவார். அப்போது இங்கிருந்து வரும்: "எலி வந்தா முதல்ல உங்க மேஜைக்குத்தான் சார் வரும். வடை அங்கதானே இருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். ஹெட் கிளார்க்கும் சிரிப்பார். "பார்த்தீங்களா? சுவிட்ச் போட்டு அரை நிமிஷம் கழிச்சுதான் எரியுது. டியூப்லைட்."

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாமிக்கு இடது காது மந்தம் என்பது எனக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வலது காது எங்கள் பக்கம் வரும்படி நாற்காலியை அவர் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தார். கேட்டதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை யோசிக்கும் நேரமாகக் காட்டிக்கொண்டார்.

இப்படி அவர் எதையும் வேறொன்றாகக் காட்டுவார். மாடிக்கு இருபத்திரண்டு படிகள். பதினொன்றாவது படியில் திருப்பம், அங்கே ஓர் அறிவிப்புப் பலகை. தினமும் மாமி அங்கே நின்று பலகையைப் படிப்பார். அதில் ஒட்டியிருந்தது சைக்கிள்களை எங்கே நிறுத்த வேண்டும் என்ற ஒரே சுற்றறிக்கை. ஒட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் அவருக்குப் பின்னால் ஏறியபோது, கைப்பிடியை இறுக்கியிருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். மூச்சு சீரான பிறகு, "சைக்கிளை எல்லாம் பின்பக்கம்தான் விடணுமாம் ரோஸி" என்றார்.

"உங்ககிட்டதான் சைக்கிளே இல்லையே மாமி."

"தெரிஞ்சு வெச்சுண்டா நல்லதுதானே."

மாமியின் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலை ஒட்டிய சித்திரை வீதியில். ஏகாதசியன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மாமியார் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மருமகளும் முழுப் பட்டினி என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். அன்று மாமி டிபன் கேரியர் இல்லாமல் வருவார், ஹெட் கிளார்க்கும் அன்று கேலி பேசமாட்டார். நானோ கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை விடுவதற்கே எனக்குத் தலை சுற்றும். அதனால் மாமி மீது மரியாதை வைத்திருந்தேன்.

1978-ல் ஓர் ஏகாதசி நாள். பழைய பதிவேடு ஒன்றைத் தேடி ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் மாமி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கையில் ஜாமெட்ரி பெட்டி. திரும்பியபோது கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மென்று முடிக்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே நின்றார்.

"பாத்துட்டேளா?"

"நான் ஒண்ணும் பார்க்கலை மாமி."

"பாத்தேள். டைரியில எழுதுவேளா?"

பொய் சொல்ல வரவில்லை. "எல்லாத்தையும் எழுதுவேன் மாமி. எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

விழுங்கினார். பெட்டியை மூடி முந்தானைக்குள் வைத்தார். "எழுதிக்கோங்கோ. என் பேரை மட்டும் போடாதீங்கோ."

அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ஏகாதசி. பகல் 10.45. மா. ரிக்கார்டு ரூம். வெல்லம்." என் டைரிகள் தமிழ் மாதமும் திதியும் அச்சிட்டவை. அந்த அச்சு பின்னால் இவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

அந்த ஒரே ஒரு நாள் 1980-ல் வந்தது. மாலையில் நாங்கள் இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவோம். நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்க, அவர் காவிரிப் பாலம் தாண்டிப் போவார். அன்று பாலக்கரையில் ஏதோ ஊர்வலம். பஸ் நின்றுவிட்டது. மாமி பெட்டியைத் திறந்தார், காலி. அன்று மதியம் மேஜைக்கு வந்த ஒரு பியூனின் பிள்ளைக்குக் கொட்டிக் கொடுத்திருந்தார். முதல் அரை மணி நேரம் சாதாரணமாகப் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நெற்றியை முன் சீட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டார். சத்திரம் வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவரை இறக்கி ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். என்னைப் பார்த்தார், பார்வை என் முகத்தில் நிற்காமல் காதுப் பக்கம் போனது.

"ரோஸி, உங்க முகத்துல பாதி தெரியல்லை."

"கண்ணை மூடித் திறங்க மாமி."

"மூடினாலும் அந்தப் பாதியில பளீர் பளீர்ங்கறது." சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார்.

எதிர்க் கடையில் பன்னும் சர்க்கரை கூடப் போட்ட டீயும் வாங்கி, வாந்தி நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் கழித்து என் முழு முகமும் தெரிகிறது என்றார். அதன் பிறகு, பஸ்களின் இரைச்சலுக்கு நடுவில், கேட்காமலே சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் வருமாம். காது போனது, பிறகு கை இழுத்தது, நாற்பத்தொன்றில் போய்விட்டார். மாமிக்குப் பதினாறு வயதில் முதல் தடவை வந்தது. எப்போதெல்லாம் வருகிறது என்று அவரே கவனித்தார். வயிறு காலியானால் வருகிறது. அன்றிலிருந்து வயிற்றைக் காலியாக விடவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலையா மாமி?"

"யார் காட்டுவா? எனக்குக் கல்யாணம் ஆகணும். எனக்கப்பறம் தங்கைக்கு ஆகணும். அம்மாவுக்கு விஷ ஜுரம்னு சொல்லித்தான் ரெண்டு கல்யாணமும் நடந்தது." முந்தானையால் வாயைத் துடைத்தார். "ஆத்துல யாருக்கும் தெரியாது. இப்போ உங்களுக்குத் தெரியும்."

அந்த வீட்டில் அவருக்கு ஒரே பெண். வகுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவள், வயதுக்குக் குள்ளம். எண்பத்துமூன்றில், பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி வந்தது. மாத்திரையை மாற்றினார்கள். அப்போது குடும்பத்துக்கு வேண்டிய பெரியவர் ஒருவர், குழந்தை ஒரு வருஷம் ஏகாதசி விரதம் இருக்கட்டும், வைகுண்ட ஏகாதசியோடு முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். மாமியாரும் நல்ல மனதோடுதான் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண் எல்லோரையும் விட உறுதியாக ஏற்றுக்கொண்டாள்.

அந்த வருஷம் மாமி அடிக்கடி லீவு போட்டார். காலை பத்தரைக்கு அவருடைய கணவர் தெருமுனைக் கடையிலிருந்து போன் செய்து சொல்வார்: "குழந்தைக்கு உடம்பு முடியல்லை." ஹெட் கிளார்க் காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து பட்டினி, இன்னிக்கு விருந்து. மாமிக்கு துவாதசி லீவு."

துவாதசி என்பது ஏகாதசிக்கு மறுநாள். அவர் கேலியாகச் சொன்னதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகைப் பதிவேட்டை டைரியோடு ஒப்பிட்டேன். ஏழு மாதத்தில் மாமி ஒன்பது நாள் லீவு. அதில் ஏழு, துவாதசி. ஒரு தாளில் வரிசையாக எழுதி, மூன்று மணிக்கு இழுப்பறை திறந்தபோது அதன் மேல் வைத்தேன்.

மாமி படித்தார். தாளை நான்காக மடித்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அப்புறம் ஏன் மாமி?"

"எப்படி நிறுத்தறது? ஏன்னு கேப்பா. வயிறு காலியானா வரும்னு சொல்லணும். உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா." குரல் உயரவே இல்லை, தபால் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்யாணமானதுலேர்ந்து நான் ஏகாதசி அன்னிக்குச் சாப்பிடறேன் ரோஸி. மறுநாள் விடிகாலம் அந்தக் கையாலதான் பெருமாளுக்குத் தளிகை பண்றேன். அந்தப் பிரசாதத்தைச் சாப்பிட்டுத்தான் என் மாமியார் விரதம் முடிக்கறா. பதினேழு வருஷம். அத்தனை விரதமும் வீணாப் போச்சுன்னு நான் அவாகிட்ட எந்த வாயால சொல்றது?"

"பொண்ணுக்கு மட்டும் தெரியாம எதாவது கொடுங்க மாமி."

"குடுக்காமலா இருப்பேன்? வெல்லத் தண்ணி கரைச்சு எடுத்துண்டு போறேன். பல்லைக் கடிச்சுண்டு வாயைத் திறக்கமாட்டேங்கறா. பெருமாளுக்கு வாக்குக் குடுத்திருக்காளாம். என்னைக் கெடுக்காதேம்மாங்கறா."

ஐப்பசியில் ஒரு மாலை என்னையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். பெண்ணுக்குத் துணை என்று கணவரிடம் காரணம் சொல்லியிருந்தார். தில்லைநகரில் புதிதாக வந்திருந்த நரம்பு டாக்டர். பெண்ணை நடக்கச் சொன்னார், உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார். பத்தாவது தடவை அவளால் எழ முடியவில்லை. அதை எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "உங்க வம்சத்துல யாருக்காவது வலிப்பு, காது கேளாமை, சின்ன வயசுலயே பக்கவாதம்?"

கணவர் பள்ளி ஆசிரியர், தெளிவாகப் பேசக்கூடியவர். "எங்க வம்சத்துல ஏழு தலைமுறை சொல்லுவேன் டாக்டர். யாருக்கும் கிடையாது."

அது பொய்யில்லை. வம்சம் என்றால் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. கட்டிக்கொடுத்துப் போன பெண்களும் கட்டிக்கொண்டு வந்த பெண்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. டாக்டரும் அந்தச் சொல்லைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு மாமியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

மாமி கணவரைப் பார்த்தார். "அவர் சொன்னதுதான்."

என் கைப்பையில் டைரி இருந்தது. பையின் கொக்கியில் என் விரல் இருந்தது. சுவரில் கடிகாரம் ஆறு இருபது. நான் கொக்கியைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை எனக்கு நானே நியாயப்படுத்த முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கும் பதில்.

டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரை ஏன் கேட்கலைன்னா, கோளாறு நரம்பு வயர்ல இல்லைன்னு எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஊர்ல சாயங்காலம் லோ வோல்டேஜ் ஆகும் இல்லையா சார்? அப்போ குண்டு பல்பு எரியுமா?"

"மங்கலா எரியும்."

"டியூப்லைட்?"

"ரெண்டு முனையும் சிவக்கும். துடிக்கும். எரியாது."

"அதேதான். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நம்ம சாப்பிடறதை சக்தியா மாத்தற ஒரு பொருள் இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அது பழுதானா தோலும் எலும்பும் மங்கலா எரிஞ்சு சமாளிச்சுக்கும். மூளைக்கு முழு வோல்டேஜ் வேணும். இல்லைன்னா இப்படித்தான், துடிக்கும்."

கணவருக்கு முகம் சுருங்கியது. "எங்காத்துக் குழந்தை டியூப்லைட்டுங்கறேளா?"

"எல்லார் மூளையும் டியூப்லைட்தான் சார்" என்றார் டாக்டர்.

மாமி சிரிக்கவில்லை. அலுவலகத்தில் எட்டு வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தவர், டாக்டரின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொடையிலிருந்து துளித் தசை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். விரதம் முடியட்டும், தையில் பார்க்கலாம் என்றார் கணவர். பெண் பட்டினி இருப்பதை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அந்தச் சொல்லை என்னிடம் எழுதச் சொன்னார் மாமி. தெரு விளக்கின் கீழ் நின்று, காதில் விழுந்தபடி "மைட்டோ காண்டிரா" என்று எழுதினேன். அந்தத் தவறு இன்னும் டைரியில் அப்படியே இருக்கிறது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. முந்தின நாள் வேலை முடியும்போது மாமி என் மேஜை அருகே வந்து நின்றார்.

"நாளைக்கு லீவுதானே. மத்தியானம் நாலு மணிக்கு ஆத்துக்கு வாங்கோ. டைரி எல்லாத்தையும் எடுத்துண்டு வாங்கோ."

"எல்லாத்தையுமா?"

"ஏகாதசி வர பக்கத்துல எல்லாம் காகிதம் வெச்சுண்டு வாங்கோ. துவாதசியிலயும்."

நான் வைத்தேன். கடைசி இரண்டு வருஷத்து டைரிகளில் மட்டும் முப்பத்தெட்டு காகிதத் துண்டுகள்.

சொர்க்கவாசல் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் அம்மா மண்டபத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தேன். சித்திரை வீதி வீட்டில் வெளியூர் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். கூடத்தின் நடுவில் பாயில் அந்தப் பெண் படுத்திருந்தாள். நினைவு இருந்தது. ஆனால் இடது கை விரல்கள் தாமாகவே துள்ளின. வாயின் இடது ஓரம் விட்டு விட்டு இழுத்தது. தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எழுபது வயது. முந்தின இரவிலிருந்து அவரும் தண்ணீர் தொடவில்லை. உதடு வெடித்திருந்தது. மாமி ஒரு டம்ளரோடு கால்மாட்டில் இருந்தார்.

"கண்ணுக்குள்ள மின்னறது பாட்டி" என்றாள் பெண். நாக்கு குழறியது.

"இன்னும் ராத்திரி ஒண்ணுதாண்டி கண்ணு. பல்லைக் கடிச்சுக்கோ. பெருமாள் பாத்துண்டிருக்கார்."

மாமி என்னைப் பார்த்தார். "ரோஸி, படிங்கோ."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கணவர், "என்ன படிக்கணும்? இவா எதுக்கு வந்திருக்கா?" என்று கேட்டார். மாமி திரும்பவில்லை.

நான் பெண்ணின் விரதம் தொடங்கிய மாதத்துக் காகிதத் துண்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். "மாசி மாசம். ஏகாதசி. பகல் 10.50. மா. ரிக்கார்டு ரூம். வெல்லம், கடலை. மறுநாள் துவாதசி. மா. லீவு. பொண்ணுக்கு வலிப்பு." அடுத்த துண்டு. "பங்குனி. ஏகாதசி. பகல் 10.45. மா. ரிக்கார்டு ரூம். வெல்லம். மறுநாள், மா. லீவு. பொண்ணுக்கு ரெண்டு தடவை." அடுத்தது. அடுத்தது.

ஆறாவது பக்கத்தில் விசிறி நின்றது.

"இரும்மா" என்றார் மாமியார். "ஏகாதசி அன்னிக்கு வெல்லம் தின்னது யாரு? யாரது, மா.?"

வெளியே கோவிந்தா என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அந்த எழுத்துக்கு நான் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். மாலதி, மாரியம்மாள், மாதவன். அந்த வழி இன்னும் திறந்திருந்தது. மாமி அதை ஆறு வருஷத்துக்கு முன்பே எனக்குச் சொல்லி வைத்திருந்தார். மாமியைத்தான் பார்த்தேன்.

மாமி இடுப்பிலிருந்து ஜாமெட்ரி பெட்டியை எடுத்தார். மூடி கிறீச்சிட்டது. ஒரு துண்டு வெல்லம் எடுத்து வாயில் போட்டு மென்றார். பதினொரு வருஷத்தில் அவர் வாய் அசைவதை நான் வெளிப்படையாகப் பார்த்தது அப்போதுதான். விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நான்தாம்மா."

மாமியார் விசிறியைக் கீழே வைத்தார். "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமோ நோக்கு?"

"தெரியும்மா. பதினேழு வருஷமாத் தெரியும்." பிறகு பெண்ணிடம் குனிந்தார். "அம்மா சாப்பிட்டேன். பாத்தியோன்னோ? எனக்கும் உன்னை மாதிரிதாண்டி. நான் எப்பவும் சாப்பிடுவேன். அதனாலதான் விழாம இருக்கேன். வாயைத் திற."

பெண் அம்மாவையே பார்த்தாள். "எப்பவுமேவா?"

"எப்பவுமே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்க முடியவில்லை. நாலு இருபத்தெட்டுக்கு அவள் வாயைத் திறந்தாள். ஸ்பூன் ஸ்பூனாக வெல்லத் தண்ணீர். யாரும் தடுக்கவில்லை. ஐந்து மணிக்கு ஒரு வண்டி பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனோம். குளுகோஸ் ஏற்றினார்கள். விரல் துள்ளுவது ஆறு ஐந்துக்கு நின்றது. டாக்டர் கேள்வி கேட்கும் முன் மாமி சொன்னார்: "வம்சம்னு கேக்காதீங்கோ டாக்டர். எங்கம்மாவைப் பத்திக் கேளுங்கோ."

தையில் தசைத் துணுக்கு மெட்ராஸுக்குப் போனது. திரும்பி வந்த கண்ணாடித் தகட்டை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். பச்சை இழைகளுக்கு நடுவில் சில இழைகள் ஓரம் பிய்ந்து, சிவப்பாக இருந்தன. பழுதான மைட்டோகாண்ட்ரியா அங்கே குவிந்து கிடக்கிறது என்றார். இது தாய் வழியாக மட்டுமே பிள்ளைகளுக்கு வருவதாக இப்போது சந்தேகப்படுகிறார்கள், இன்னும் முழுசாக நிச்சயமில்லை என்றார். குணமாகும் என்று சொல்லமாட்டேன். பட்டினி கூடாது, ஜுரம் வந்தால் காத்திருக்கக் கூடாது, சில வைட்டமின்கள் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷத்தில் அவளுக்கு மூன்று தடவை வலிப்பு வந்தது. அதில் ஒன்றுகூடத் துவாதசியில் இல்லை.

மாமியார் அதன் பிறகு மாமியின் கையால் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. எழுபது வயதில் தனியாக அடுப்பு மூட்டித் தனக்கும் பெருமாளுக்கும் சமைத்துக்கொண்டார். மாமி அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னார். ஏகாதசி விடிகாலையில் பெண்ணின் படுக்கை அருகே சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர் இருக்குமாம், மூடி வைத்து. "யார் வெச்சான்னு நான் கேக்கல்லை. அவாளும் சொல்லல்லை."

டாக்டர் மைக்ராஸ்கோப்பைக் காட்டிய மறுநாள், மூன்று மணிக்கு, மாமி ஜாமெட்ரி பெட்டியை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். ஹெட் கிளார்க் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மாமி தபால் கார்டு ஒன்றை எடுத்து, கும்பகோணத்தில் இருக்கும் தங்கைக்கு எழுதினார். தங்கைக்கு இரண்டு பெண்கள்; இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எழுதி முடித்து என்னிடம் கொடுத்தார். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது.

"நம்ம அம்மாவுக்கு விஷ ஜுரம் இல்லை. எனக்கும் அதேதான், என் பெண்ணுக்கும் அதேதான். உன் குழந்தைகளை ஒருவேளைகூடப் பட்டினி போடாதே. ஏகாதசிக்கும்."

"மாமி, இது கார்டு. எல்லாரும் படிப்பாங்க. என்கிட்ட இன்லேண்ட் இருக்கு, ஒட்டி அனுப்பலாம்."

வழக்கம்போல உடனே பதில் வரவில்லை. ஒரு வெல்லத் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார்.

"கார்டுலயே போகட்டும் ரோஸி. போஸ்ட்மேனும் படிக்கட்டும்."

மூன்று இருபதுக்கு நானே இறங்கிப் போய்ப் பெட்டியில் போட்டேன்.